காடாகிப் போன குளத்தைப் பழைய இடவிளக்கப்படத்தில் தேடிப் பிடிப்பது எப்படி? வன்னி எல்லைக் கிராமத்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

என் அம்மா பிறந்தது நெடுங்கேணிக்குக் கிழக்கே ஒரு சின்னக் குளத்தடியில். 1984 இல் வெளிக்கிட்ட சனம், சண்டை முடிந்து திரும்பிப் போய்ப் பார்த்தபோது வயல் இருந்த இடத்தில் பாலையும் வீரையுமாகக் காட்டு மரங்கள் நின்றன. குளக்கட்டின் மேல் முதிரை வளர்ந்திருந்தது. காணிக்காக ஏறி இறங்கிய ஓர் அலுவலகத்தில், “இது காடுதானே, இங்கே எங்கே ஊர் இருந்தது?” என்று கேட்டார்கள். காட்டுவதற்கு எங்கள் கையில் ஒரு துண்டுத் தாள்கூட இருக்கவில்லை. அந்தத் தாளைத் தேடிப் பிடிக்க எனக்குப் பதினொரு மாதம் போனது. வழி தெரிந்திருந்தால் மூன்று, நான்கு மாதத்தில் முடிந்திருக்கும். இதே அலைச்சலில் இருக்கும் மற்ற ஊர்க்காரருக்காக எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நில அளவைத் திணைக்களத்தின் பழைய இடவிளக்கப்படம், அதாவது ஒரு அங்குலப் படம், உங்கள் காணிக்கு உறுதிப்பத்திரம் ஆகாது. இந்த இடத்தில் குளம் இருந்தது, வயல் இருந்தது, பாதை இருந்தது என்பதை அரசாங்கத்தின் கையாலேயே வரைந்து காட்டும், அவ்வளவுதான். யாருடைய வயல் என்பதற்கு வேறு ஆவணம் வேண்டும். அந்த ஆவணங்கள் எந்த ஊர்ப் பெயரில், எந்த மாவட்டத்தில் கிடக்கின்றன என்று கண்டுபிடிக்க இந்தப் படம் இல்லாமல் முடியாது.

1. படத்தைத் தேடுவதற்கு முன் மூத்தவர்களிடம் கேட்டு எழுதுங்கள்

பலரும் நேரே அலுவலகத்துக்குப் போகிறார்கள். நானும் அப்படித்தான் போனேன். அங்கே முதலில் கேட்பது ஊரின் பெயரை. அந்தப் பெயரில் வன்னியில் இரண்டு மூன்று குளம் இருக்கும். புளியங்குளம், மருதங்குளம், பெரியகுளம் என்று எத்தனை! எங்கள் குளத்தின் பெயரிலேயே இன்னொரு குளம் இருபது கிலோமீற்றர் தள்ளி இருந்தது. அது விழுந்த தாளை வைத்துக்கொண்டு ஐந்து மாதம் வீணாக்கினேன்.

ஒரு கொப்பி எடுத்துக்கொண்டு எழுபது வயதுக்கு மேற்பட்ட இரண்டு பேரிடமாவது போங்கள். தனித்தனியாகக் கேளுங்கள். ஒருவர் சொன்னதை மற்றவருக்குச் சொல்ல வேண்டாம். கேட்க வேண்டியவை இவை: குளம் எந்த ஆற்றுப் பக்கம், வான் (குளம் நிறைந்தால் மேலதிகத் தண்ணீர் வழியும் இடம்) பாய்ந்தால் தண்ணீர் எந்தக் குளத்துக்குப் போகும், மேலே உள்ள குளத்தின் பெயர் என்ன, பிரதான வீதிக்கு எந்த வழியால் வந்தார்கள், எந்தப் பள்ளிக்கூடம், எந்தக் கோயில், நெல்லை எங்கே கொண்டுபோய் விற்றார்கள். வன்னியில் குளங்கள் ஒன்றன் கீழ் ஒன்றாகத் தொடர் போல இருக்கும். மேல் குளத்தின் பெயரும் கீழ்க் குளத்தின் பெயரும் கிடைத்துவிட்டால் உங்கள் குளம் வேறெங்கும் ஓட முடியாது.

படத்தை அவர்களிடம் பிறகுதான் காட்ட வேண்டும். காட்டும்போது வடக்கை மேலே வைத்துக் காட்ட வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். என் மாமாவிடம் தாளை விரித்தபோது அவர் ஐந்து நிமிடம் பேசாமல் இருந்தார். பிறகு தாளை அப்படியே பக்கவாட்டில் திருப்பினார். நெடுங்கேணியிலிருந்து வண்டிலில் வரும்போது கிழக்குத்தான் அவருக்கு முன் பக்கம். கிழக்கு மேலே வந்ததும் ஓர் ஈர்க்கை எடுத்துப் பாதை வழியே நகர்த்தி, ஒரு நீலக் கீற்றில் நிறுத்தி, “இதுதான் வான். இதிலதான் நாங்கள் குளிக்கிறது” என்றார். தாளில் அந்தக் கீற்றுக்குப் பெயரே இருக்கவில்லை.

2. எந்தப் படம் எதற்கு என்று தெரிந்துகொள்ளுங்கள்

நில அளவைத் திணைக்களத்தின் பழைய இடவிளக்கப்படத் தொடர் ஒரு மைலை ஓர் அங்குலமாகச் சுருக்கியது, அதாவது 1:63,360. முழுத் தீவுக்கும் 72 தாள்கள். உயர்தரத்தில் புவியியல் படித்தவர்களுக்கு இது பழக்கமான படம். பிறகு வந்தது மீற்றர் முறைத் தொடர், 1:50,000, 92 தாள்கள். போருக்கு முந்திய ஊரைத் தேடுகிறவர்களுக்கு முதலாவதுதான் முக்கியம். இரண்டாவதையும் வாங்கி வையுங்கள், ஒப்பிட உதவும்.

இங்கே ஒரு கணக்கு. அதைத் தெரியாமல் கதிரையில் இருப்பவரோடு வாதாடப் போனால் தோற்றுப் போவீர்கள். ஒரு அங்குலப் படத்தில் ஒரு மில்லிமீற்றர் என்பது தரையில் 63 மீற்றர். உங்கள் குடும்பத்துக்கு 2 ஏக்கர் வயல் என்றால் அது ஏறக்குறைய 90 மீற்றருக்கு 90 மீற்றர். படத்தில் ஒன்றரை மில்லிமீற்றர்கூட வராது. நன்றாகச் சீவிய பென்சிலின் கோடே உங்கள் வயலின் ஒரு பகுதியை மூடிவிடும். ஆகவே “படத்தில் எங்கள் காணி இருக்கிறது” என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். “எங்கள் குளமும் அதன் வயல்வெளியும் படத்தில் இருக்கின்றன” என்று சொல்லுங்கள். அது உண்மை, அதை யாரும் மறுக்க முடியாது.

காணித் துண்டு தெரிய வேண்டும் என்றால் படம் போதாது, பிளான் வேண்டும். இறுதிக் கிராம வரைபடம் என்பதை எல்லோரும் எஃப்.வி.பி என்பார்கள். முதனிலை வரைபடம் என்பது பி.பி. இவற்றில் துண்டு இலக்கம் இருக்கும். கூடவே வரும் டெனமென்ட் லிஸ்டில் துண்டின் பெயர், பரப்பு, உரிமை கோரியவர் விபரம் எல்லாம் வரும். பிளானைக் கேட்டால் லிஸ்டையும் சேர்த்துக் கேளுங்கள். பிளானை மட்டும் வாங்கி வந்து, பெயர் இல்லையே என்று திரும்ப ஓடியவர்கள் பலர்.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, பலருக்குத் தெரியாது. 1956 இல் தீவு முழுவதையும் விமானத்திலிருந்து படம் எடுத்தார்கள். காடு எது, வெட்டை எது, வயல் எது என்று அந்த வான்படத்தில் கண்ணாலேயே பார்க்கலாம். ஒரு அங்குலத் தாளில் சந்தேகமாக நிற்கும் இடத்துக்கு இதைக் கேட்டு எடுப்பது நல்லது.

3. தாளைப் பெறுவது: ஆவணம், காசு, காலம்

தலைமை அலுவலகம் கொழும்பு 5, நாரஹேன்பிட்டியில். மாவட்டந்தோறும் நில அளவை அலுவலகம் உண்டு. முதலில் மாவட்ட அலுவலகத்துக்குப் போய், உங்கள் இடம் எந்தத் தாளில், எந்தப் பிளானில் விழுகிறது என்று இலக்கத்தைக் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். இலக்கம் இல்லாமல் கொழும்புக்குப் பஸ் ஏற வேண்டாம்.

மாவட்டம் என்றால் எந்த மாவட்டம்? இதில்தான் அதிகம் பேர் மாட்டுகிறார்கள். கிளிநொச்சி 1984 வரை யாழ்ப்பாண மாவட்டத்துக்குள் இருந்தது. முல்லைத்தீவு மாவட்டம் பிரிந்ததும் 1970களின் இறுதியில்தான். அதற்கு முந்திய கடிதம், பிளான், பெர்மிட் எல்லாம் பழைய மாவட்டப் பெயரில்தான் பதிவாகியிருக்கும். “இங்கே இல்லை” என்று ஒரு கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) சொன்னால் மனம் தளராமல், அந்த ஆண்டில் உங்கள் ஊர் எந்த மாவட்டத்தில் இருந்தது என்று பார்த்து அங்கே கேளுங்கள். வவுனியாவில் தேட வேண்டியதை முல்லைத்தீவில் தேடி நான் இரண்டு மாதம் இழந்தேன்.

கொண்டுபோக வேண்டியவை: அடையாள அட்டை, அதன் பிரதி இரண்டு, கிராம சேவையாளரின் கடிதம், என்ன தேவைக்கு என்று ஒரு பக்கத்தில் தமிழில் எழுதிய விண்ணப்பம். விண்ணப்பத்தில் ஊர்ப் பெயரோடு மேல் குளம், கீழ்க் குளம், பழைய பற்று (அந்தக் கால நிர்வாகப் பிரிவு), இன்றைய கிராம சேவையாளர் பிரிவு நான்கையும் எழுதுங்கள்.

காசு விடயத்தில் ஒன்று கவனிக்க வேண்டும். கட்டணம் அவ்வப்போது மாறும், போவதற்கு முன் தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். சாதாரணப் பிரதிக்கு ஒரு விலை, உறுதிப்படுத்திய பிரதிக்கு வேறு விலை. மலிவென்று சாதாரணப் பிரதியை எடுத்துவிடாதீர்கள். நீதிமன்றம் வரை போக நேர்ந்தால் நில அளவையாளர் நாயகத்தின் சார்பில் கையொப்பமிட்ட பிரதிக்குத்தான் பெறுமதி. தொலைபேசியில் எடுத்த படத்தையும் இணையத்தில் இறக்கிய படத்தையும் யாரும் கையில் வாங்க மாட்டார்கள். உண்மையில் காசு போவது தாளுக்கு அல்ல, பிரயாணத்துக்கு. ஊரில் நான்கு குடும்பம் சேர்ந்து ஒருவரை அனுப்பினால் செலவு காற்பங்காகிவிடும். தாள் எல்லோருக்கும் ஒரே தாள்தானே.

பதில் வராமல் இழுபட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது, 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கம். விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. தமிழில் எழுதலாம். தருவோமா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் அதே அலுவலகத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு, அதற்கும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. “எங்கள் ஊர்ப் படம் தாருங்கள்” என்று கேட்டால் “அப்படி ஒன்று இல்லை” என்று பதில் வரும், கோவை (ஃபைல்) மூடப்படும். “இந்தக் குளம் அடங்கும் ஒரு அங்குலத் தாளின் எல்லாப் பதிப்புகளின் பட்டியலும், இந்த ஊருக்கான எல்லாப் பிளான் இலக்கங்களும்” என்று கேளுங்கள். பட்டியலைக் கேட்பதுதான் சூட்சுமம். விண்ணப்பத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி, துண்டைக் கோவையில் ஒட்டி வையுங்கள்.

4. தாளை வாசிக்கும்போது ஏமாறும் இடங்கள்

ஓரத்திலிருந்து தொடங்குங்கள். படத்தின் அடியில் ஆண்டுகள் இருக்கும். அளந்த ஆண்டு ஒன்று, திருத்திய ஆண்டு ஒன்று, அச்சிட்ட ஆண்டு இன்னொன்று. அச்சிட்ட ஆண்டை மட்டும் பார்த்து, “அந்த வருடம் ஊர் இருந்தது” என்று எழுதிவிடாதீர்கள். வீதியை மட்டும் திருத்தி மற்றதைப் பழையபடி விட்டு அச்சடித்த தாளாக இருக்கலாம். எதிர்ப் பக்கத்தில் விபரம் தெரிந்த ஒருவர் இருந்தால் முதல் கேள்வியே இதுதான். மூன்று ஆண்டையும் விண்ணப்பத்தில் நீங்களே எழுதிவிட்டால் அந்தக் கேள்விக்கு இடமில்லாமல் போகும்.

அடுத்தது பெயர்கள். பழைய தாளில் எழுத்துகள் ஆங்கிலம். ழகரம், ளகரம், லகரம் மூன்றும் ஒரே எழுத்தாகிவிடும். ணகரமும் னகரமும் அப்படித்தான். “ற்ற” எங்கே போகும் என்று சொல்லவே முடியாது. எழுத்துக்கூட்டலை விட்டுவிட்டுப் பெயரை உரத்து வாசியுங்கள், காது கண்டுபிடிக்கும். பெயரின் கடைசித் துண்டும் உதவும். மோட்டை என்றால் காட்டுக்குள் சிறு நீர்நிலை. முறிப்பு என்றால் உடைப்பெடுத்த குளம், தண்ணிமுறிப்பு போல. குடியிருப்பு என்று முடிந்தால் வீடுகள் இருந்த இடம். எல்லைப் பக்கத்தில் பெயரே மாறிய இடங்களும் உண்டு. மணலாறு இன்று வெலிஓயா என்று எழுதப்படுகிறது. புதிய தாளில் உங்கள் ஊர்ப் பெயர் இல்லை என்றால் பழைய தாளையும் புதிய தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பெயரை விட்டு ஆற்றின் வளைவைப் பாருங்கள். ஆறு பெயர் மாற்றிக்கொண்டாலும் வளைவு இலகுவில் மாறாது.

குளத்தின் குறியீட்டைக் கவனமாகப் பாருங்கள். கட்டுக்கு ஒரு கோடு, தண்ணீருக்கு நீலம். கைவிடப்பட்ட குளம் என்றால் அதைத் தனியாகக் காட்டியிருப்பார்கள். உங்கள் தாளின் குறியீட்டு விளக்கத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஏற்கெனவே கைவிடப்பட்ட குளமாகக் குறித்திருந்தால் அதை மறைக்க வேண்டாம். பிந்திய பதிப்பு ஒன்றில் அதே குளம் நீர் நிறைந்து நிற்கலாம். வன்னியில் சனம் பழைய குளங்களைத் திருத்தித்தான் குடியேறியது. அந்த இரண்டு தாளும் சேர்ந்து உங்கள் பாட்டன் பூட்டன் செய்த வேலையைச் சொல்லும்.

5. தாளைத் தொலைபேசிக்குக் கொண்டுவருவது

தாளை மடிப்பில்லாமல் ஸ்கான் செய்யுங்கள். கொப்பிக் கடைகளில் பெரிய ஸ்கானர் உள்ளதாகப் பார்த்துப் போங்கள். தொலைபேசிக் கமெராவில் எடுத்தால் ஓரங்கள் வளையும். பிறகு கணினியில் கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளில் படத்தை இன்றைய தரையோடு பொருத்த வேண்டும். இதற்குப் பிள்ளைகள் யாராவது ஒரு பின்னேரத்தில் பழகிவிடுவார்கள்.

பொருத்தும் புள்ளிகளை வீதிச் சந்தியில் எடுக்காதீர்கள். சந்திகள் அகலித்து நகர்ந்துவிட்டன. குளக்கட்டின் இரண்டு முனைகள், பெரிய குளத்தின் வான் நல்லவை. மேற்குப் பக்கம் உள்ளவர்களுக்கு ரயில் பாதை. போரில் தண்டவாளம் போனாலும் பழைய தடத்திலேயே திரும்பப் போட்டிருக்கிறார்கள். குறைந்தது ஆறு புள்ளி, தாளின் நான்கு மூலையும் அடங்குகிற மாதிரி.

பொறி ஒன்று. தாளின் ஓரத்தில் உள்ள அகலக்கோடு நெடுங்கோட்டை அப்படியே தொலைபேசியில் அடித்தால் இடம் சுமார் 200 மீற்றர் தள்ளிப்போகும். பழைய படம் கந்தவளை (Kandawala) என்ற பழைய அளவை அடிப்படையில் அளந்தது. தொலைபேசி வேறு அடிப்படையில் இயங்குகிறது. மென்பொருளில் பழைய மீற்றர் கட்டத்துக்கு (இடத்தை எண்ணால் குறிக்கும் கோட்டு வலை) 5234 என்றும், 1999 ஆம் ஆண்டின் புதிய கட்டத்துக்கு 5235 என்றும் இலக்கம் கொடுத்தால் அது தானாகத் திருத்தும். எண்ணைப் பார்த்தே எது எது என்று பிரிக்கலாம். மாங்குளத்தடியில் வடக்கு எண் 4 இலட்சத்து 35 ஆயிரம் அளவில் வந்தால் பழைய கட்டம், 7 இலட்சத்து 35 ஆயிரம் அளவில் வந்தால் புதிய கட்டம். இரண்டையும் ஒரே கடிதத்தில் கலந்து எழுதி, கோவை திரும்பி வந்தவர்களை எனக்குத் தெரியும்.

6. தரையில் போய்ப் பார்ப்பது

தயவுசெய்து இதை அவசரப்படாமல் வாசியுங்கள். படம் கையில் வந்ததும் கத்தி எடுத்துக்கொண்டு போகத்தான் மனம் சொல்லும். போகாதீர்கள். ஒதுக்குக் காடாக வர்த்தமானியில் வந்த இடத்துக்குள் அனுமதியின்றி நுழைவதே குற்றம். ஒரு தடியை வெட்டினாலும் அதையே வழக்காக்கி, உங்கள் விண்ணப்பத்தைப் பின்தள்ளிவிடுவார்கள். கிராம சேவையாளருக்கும் பிரதேச செயலகத்துக்கும் எழுதி, வன அலுவலரின் அனுமதியோடு, முடிந்தால் அவர்களில் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். கண்ணிவெடி அகற்றி முடிந்த இடமா என்று மாவட்டச் செயலகத்தில் கட்டாயம் கேளுங்கள். சிவப்புப் பலகை கண்டால் ஒரு அடியும் வைக்காமல் வந்த தடத்திலேயே திரும்புங்கள். யானைக்காகக் காலை எட்டு மணிக்குப் பின் புறப்பட்டு மூன்று மணிக்கு முன் வெளியே வந்துவிடுங்கள்.

ஆவணியும் புரட்டாதியும் நல்ல மாதங்கள். தண்ணீர் வற்றி அலைகரை (குளத்து நீர் நிற்கும் எல்லை) தெளிவாகத் தெரியும். மாரி தொடங்கினால் பாதையே இருக்காது.

போனால் எதைத் தேடுவது? கட்டு காட்டுக்குள் நீண்ட மேடாகக் கிடக்கும், அதன் மேல் நடந்தால் கால் உணரும். துருசு (வயலுக்குத் தண்ணீர் திறக்கும் மதகு) இருந்த இடத்தில் பொழிந்த கல் இருக்கும். வீட்டு வளவுகளைக் காட்டுவது மரம். காட்டில் தானாக வராத தென்னை, மா, வரிசையாக நிற்கும் பனை. எங்கள் ஊரில் இரண்டு மாவும், ஓர் ஆட்டுக்கல்லும், கிணற்றுக் கட்டின் அரைவட்டமும் கிடைத்தன. ஆட்டுக்கல்லின் குழியில் இலைச் சருகும் கொஞ்ச மழைத் தண்ணீரும் இருந்தன. அம்மா அதைக் கையால் அள்ளித் துப்புரவாக்கிவிட்டுத்தான் நகர்ந்தா.

ஒவ்வொன்றையும் தொலைபேசியில் இடக்குறியோடு படம் எடுங்கள். பக்கத்தில் ஓர் அடிமட்டம் அல்லது குடை வைத்து எடுத்தால் அளவு தெரியும். எதையும் எடுத்து வராதீர்கள். அந்த இடத்தில் இருப்பதுதான் அதற்குச் சாட்சி.

7. கோவை கட்டுவது

முதலில் உறுதிப்படுத்திய ஒரு அங்குலத் தாள், கூடவே அதன் சாதாரணப் பிரதி ஒன்றில் குளத்தைச் சுற்றிப் பென்சிலால் வட்டம். உறுதிப்படுத்திய தாளில் எதையும் கீறக் கூடாது. அடுத்து பிளானும் டெனமென்ட் லிஸ்டும், கிடைத்தால். எல்லா ஊருக்கும் கிடைக்காது.

அதன் பின் ஆட்களைக் காட்டும் ஆவணங்கள். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த பெர்மிட் தொலைந்திருந்தால் பிரதேச செயலகத்தில் லெட்ஜரைப் பார்க்கக் கேளுங்கள். லெட்ஜர் எரிந்துவிட்டது என்றால் அதைக் கடிதமாகத் தரக் கேளுங்கள், அந்தக் கடிதமும் ஒரு ஆவணம். கமநல சேவை நிலையத்தில் நெற்காணி இடாப்பு இருக்கலாம். 200 ஏக்கர் வரை பாயும் சிறு குளங்கள் கமநலத் திணைக்களத்தின் கீழ், அதற்கு மேற்பட்டவை நீர்ப்பாசனத் திணைக்களத்தின் கீழ். உங்கள் குளம் எதற்குள் என்று முதலில் பாருங்கள், இல்லாவிட்டால் தவறான கதவைத் தட்டிக்கொண்டு நிற்பீர்கள். ஏக்கர் வரி ரசீது, பழைய வாக்காளர் இடாப்பு, பள்ளிக்கூடச் சேர்வு இடாப்பு, அந்த ஊரைப் பிறப்பிடமாகக் காட்டும் பிறப்புச் சான்றிதழ் எல்லாம் பெறுமதியானவை. எங்களுக்கு அதிகம் உதவியது அம்மாவின் பிறப்புச் சான்றிதழ்தான். படத்தில் இருந்த அதே பெயர், அதே பற்று.

கடைசியாக வர்த்தமானி. உங்கள் இடம் எந்த ஆண்டு, எந்த வர்த்தமானியில் ஒதுக்குக் காடாக வந்தது, அல்லது வரவே இல்லையா என்று எழுத்தில் கேளுங்கள். வர்த்தமானியில் வராமல் ‘ஏனைய அரச காடு’ என்று மட்டும் குறித்திருந்தால் பேசுவதற்கு இடம் அதிகம். வந்திருந்தால் அட்டவணையில் உள்ள எல்லை விபரத்தைப் பழைய தாளில் கீறிப் பாருங்கள். எல்லைக் கோடு குளத்தை வெட்டிப் போகிறதா, குளத்தையே விட்டுப் போகிறதா என்பது அப்போது தெரியும்.

அரச காணியை அளக்க நீங்கள் கூலிக்கு நில அளவையாளரைப் பிடித்துக் காசை வீணாக்க வேண்டாம். பிரதேச செயலாளர் கோரிக்கை அனுப்பி அரச நில அளவையாளர்தான் வர வேண்டும். அந்தக் கோரிக்கையை அனுப்பச் சொல்லி எழுதுவதுதான் இந்தக் கோவையின் முதல் பக்கம். குடும்பமாக எழுதாமல் கமக்காரர் அமைப்பின் பெயரில், எல்லோரும் கையொப்பம் வைத்து எழுதுங்கள். கோவையை நான்கு பிரதி எடுத்து ஒன்றைப் பிரதேச செயலகத்திலும், ஒன்றைக் கமநல சேவை நிலையத்திலும் முத்திரை வாங்கிக் கொடுங்கள். ஒன்று வெளிநாட்டில் இருக்கும் உறவிடம் இருக்கட்டும். மூலப் பிரதியை ஊரில் ஒரே ஒருவர் வைத்திருக்க வேண்டும், அவர் யார் என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் ஊருக்கு அது என் மாமா. தாளை மடிக்காமல் ஒரு பி.வி.சி குழாய்க்குள் சுருட்டி, இரண்டு பக்கமும் மூடி போட்டு, கூரை வளையில் கட்டி வைத்திருக்கிறார்.